ரக்பி மாப்பிள்ளையும் கபடிக் கோஷ்டியும்

ஆட்களை முகத்தை வைத்து நினைவு வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் முட்டியை வைத்து. துபாயில் விளையாட்டுக்காரர்களின் காயங்களைப் பார்க்கிற ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்ததிலிருந்து எனக்கு இந்தக் கோளாறு. மாலில் யாராவது எதிரே வந்து சிரித்தால், குனிந்து காலைப் பார்த்த பிறகுதான் ஆள் யாரென்று பிடிபடும். என் கணவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவருக்கென்ன, ஏசி டெக்னீஷியன். அவர் பழுது பார்த்த மெஷின் எதுவும் மாலில் எதிரே வந்து நலம் விசாரிக்கப் போவதில்லை.

அந்த இடது முட்டி ஒரு ஜனவரி மாதம் என் மேஜைக்கு வந்தது. முட்டிக்குச் சொந்தக்காரர் வட இங்கிலாந்துக்காரர், முப்பதைத் தொட இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. ரக்பி லீக் என்ற ஆட்டத்தில் பெரிய நட்சத்திரமாம். ரிசப்ஷனில் இருந்த பெண் ஓடிப் போய் அவரோடு படம் எடுத்துக்கொண்டபோதுதான் எனக்கே தெரிந்தது. நான் கடற்கரை ஊர்க்காரி. எங்களுக்குப் பந்து என்றால் உருண்டையாக இருக்க வேண்டும், அதைக் காலால் உதைக்க வேண்டும். முட்டை வடிவத்தில் ஒன்றைச் செய்து, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை.

ஆனால் ஆள் தங்கமான ஆள். முட்டியில் நான் கட்டை விரலை வைத்து அழுத்தினால் கிளினிக்கே அதிரக் கத்துவார். அடுத்த நொடி, "மன்னிக்கணும், நீங்க செய்யுங்க" என்பார். மூன்றாவது நாள் விஷயத்தைச் சொன்னார். ரக்பியை விட்டுவிட்டு அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு மாறப் போகிறாராம்.

"ரெண்டும் ஒரே முட்டைப் பந்துதானே?" என்றேன்.

அவ்வளவுதான். முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டார். ரக்பியில் பந்தைக் கையால் பின்னால்தான் போடலாம், அமெரிக்க ஆட்டத்தில் முன்னாலும் எறியலாம். ரக்பியில் வெறும் சட்டையோடு மோதுவார்கள், அங்கே ஹெல்மெட், தோளுக்குக் கவசம். ரக்பி ஓடிக்கொண்டே இருக்கும், அங்கே சில விநாடி மோதிவிட்டு நின்றுவிடுவார்கள், திரும்ப வரிசையில் நின்று அடுத்த மோதல். ஒவ்வொரு மோதலிலும் யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று முன்பே படம் போட்டு வைத்திருப்பார்கள். அதை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும்.

"பள்ளிக்கூடத்துலேயே எனக்கு மனப்பாடம் வராது" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்தார்.

விஷயம் என்னவென்றால், அமெரிக்க அணி ஒன்றிலிருந்து இரண்டு பேர் மார்ச் மாதம் துபாய் வழியாகப் போகிறார்கள். ஒரு காலை நேரம் இவரைப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பிடித்துப்போனால் அவர்களுடைய பயிற்சி முகாமுக்கு அழைப்பார்கள். இல்லை என்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான், இந்த வயதில் இன்னொரு தடவை யாரும் கூப்பிட மாட்டார்கள். சின்ன வயதிலிருந்தே அதையே ஆடி வளர்ந்த அமெரிக்கப் பையன்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நிற்கும்போது, நடுவில் வந்த இவருக்கு அந்த ஒரு காலைதான்.

துபாயில் குளிர்காலம் ஓடுவதற்கு நல்லது என்று வந்திருந்தார். பழைய அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவர் இங்கே புல்தரை ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். மலை மாதிரி உடம்பு. வாயைத் திறந்தால் யல்லா, ஜல்தி என்று ஆளை விரட்டுகிற வார்த்தை இரண்டும்தான் அதிகம் வரும். எல்லாம் இருந்தது, எதிரே நின்று மறிக்கத்தான் ஆள் இல்லை. ஜிம்மிலிருந்து கூட்டி வந்த மூன்று பேரில் இரண்டு பேர், நம் ஆள் இடித்த இடியில் என்னிடமே நோயாளியாக வந்து சேர்ந்தார்கள்.

"என்னைக் கட்டிப் பிடிச்சு கீழ தள்ள பயப்படாத ஆளுங்க ஒரு ஏழெட்டுப் பேர் கிடைச்சாப் போதும்" என்று பெருமூச்சு விட்டார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விடுமுறை நாளில் விடிந்ததும் எழுந்து போய் அடுத்தவன் காலைப் பிடித்து இழுப்பதையே புண்ணியமாக நினைக்கும் ஏழு பேரை எனக்குத் தெரியும். அதில் ஒருவருக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன்.

என் கணவர் கபடி பைத்தியம். தூத்துக்குடிப் பக்கம் ஊர் ஊராகப் போய் ஆடியவர். இங்கே வந்த பிறகும் அது விடவில்லை. சிவகங்கை, ராமநாதபுரம், ஒரத்தநாடு என்று எங்கெங்கோ இருந்து வந்து அல்கூஸ் தொழிலாளர் கேம்பில் தங்கியிருக்கும் ஆட்களைச் சேர்த்து ஒரு அணி வைத்திருந்தார். ஒருவர் சாரம் கட்டுகிறவர், ஒருவர் வெல்டர், இப்படி. வெள்ளிக்கிழமை லீவு ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியபோது மற்றவர்கள் எல்லாம் ஏதேதோ கவலைப்பட்டார்கள். இவர்கள் ஆட்டத்தை ஞாயிற்றுக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். ஆடுவது பார்க்கிங் பக்கத்தில் இருக்கும் பொட்டல். முழங்கையில் ஒட்டிய சரளைக்கல்லை நான்தான் உட்கார்ந்து எடுத்துவிட வேண்டும்.

கராமாவில் ஒரு தோசைக் கடையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். உடனே கச்சேரி ஆரம்பித்துவிட்டது. ஒரு ஆட்டத்திலிருந்து இன்னொரு ஆட்டத்துக்கு ஒருவன் மாற முடியுமா, முடியாதா? சிவகங்கைக்காரர் முடியும் என்றார். வெல்டர், "கபடிக்காரன் மல்யுத்தத்துக்குப் போய் ஜெயிச்சிருக்கானா, அதச் சொல்லுங்க" என்று மடக்கினார். என் கணவர் சட்னியை வழித்துக்கொண்டே, "ஓடுதவனுக்கு எந்தத் தரைன்னா என்னல? ஆளப் பாப்போம். கால் எப்படின்னு பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்றார். எனக்குள் இருக்கும் கோளாறு அவருக்கும் தொற்றிவிட்டது போல.

கூலி தருவதாகப் பயிற்சியாளர் சொன்னதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பயிற்சி முடிந்ததும் அந்தப் புல்தரையில் கொஞ்ச நேரம் கபடி ஆட விட்டால் போதும் என்றார்கள். புல்லில் விழுந்து எழ வேண்டும் என்பது அவர்களுக்கு நெடுநாள் ஆசை.

முதல் ஞாயிறு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டி ஏழு பேரும் வரிசையில் நின்றபோது குலசை தசராவுக்கு வேஷம் கட்டின மாதிரி இருந்தது. பயிற்சியாளர் விசில் அடித்தார். நம் ஆள் பந்தை வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். வெல்டர் குறுக்கே பாய்ந்தார், தோளில் ஒரு இடி வாங்கி உருண்டார். எழுந்தார், உடம்பைத் தட்டினார், நேராகக் கோட்டுக்கு வெளியே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த ஓட்டத்தில் ஒரத்தநாட்டுக்காரர். அவரும் போய் வெல்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்கடுத்து இரண்டு பேர். பயிற்சியாளருக்கு ஒன்றும் புரியவில்லை. களத்தில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. என்னிடம் ஓடி வந்து, "அவங்களுக்கு அடிபட்டிருக்கா?" என்று பதறினார்.

நான் கேட்கப் போனேன். "அவுட்டு மதினி" என்றார் வெல்டர், இதைக்கூட விளக்க வேண்டுமா என்ற முகத்தோடு. கபடியில் பாடி வந்தவன் தொட்டுவிட்டு எல்லை தாண்டிவிட்டால், தொடப்பட்டவன் வெளியே. நியாயம்தானே? தொட்டது மட்டுமா, ஆளையே உருட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அதற்குள் களத்தில் மிச்சமிருந்த மூன்று பேர் நம் ஆளை மடக்கிவிட்டார்கள். என் கணவர் கணுக்காலைப் பிடித்தார், ராமநாதபுரத்துக்காரர் இடுப்பைக் கட்டினார், சிவகங்கைக்காரர் மேலே விழுந்தார். ஆள் காலி. உடனே வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் சந்தோஷமாக எழுந்து உள்ளே வந்தார். ஒருவனைப் பிடித்தால் நம்மவன் ஒருவனுக்கு உயிர் வருமல்லவா. நான் இதைப் பயிற்சியாளருக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள், அந்த மலை உடம்பு புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நம் நட்சத்திரமோ கீழே கிடந்தபடியே தன் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் யாரும் அவரை அவ்வளவு தாழ்வாக வந்து பிடித்ததில்லையாம்.

"இவங்க எல்லா வாரமும் வருவாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

வந்தார்கள். மழை வந்த ஒரு ஞாயிறு தவிர எல்லா வாரமும் வந்தார்கள். அவுட் என்று உட்காரும் பழக்கம் இரண்டு வாரத்தில் போனது. நம் ஆளுக்கும் ஒரு பழக்கம் போக மாட்டேன் என்றது. ரக்பி லீக்கில் கீழே தள்ளப்பட்டவன் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்துக் குதிகாலால் பின்பக்கம் உருட்டிவிட வேண்டும். அமெரிக்க ஆட்டத்தில் விழுந்தால் கதை முடிந்தது, பந்து செத்தது. இவர் விழுந்து எழுந்ததும் கால் தானாகவே பந்தை உருட்டிவிடும். "கலாஸ், கலாஸ்!", முடிந்தது விடு என்று பயிற்சியாளர் கத்துவார். கால் கேட்டால்தானே.

பயிற்சிக்குப் பிறகு கபடி. நம் ஆளும் ஆடினார். மூச்சு விடாமல் கபடி கபடி என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும் என்றதும், அவர் அதை உச்சரித்த அழகுக்கே எதிர் அணி சிரித்துப் பிடியை விட்டுவிட்டது. பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாடு. கராமாவில் இன்னொரு குடும்பத்தோடு பங்கு போட்டிருக்கும் எங்கள் ஃபிளாட்டில் ஒரு மீன் குழம்பு வைத்தால் நான்கு மாடிக்கும் மணக்கும். எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று படம் போட்ட அந்தப் புத்தகத்தை வெல்டர் மடியில் வைத்துக்கொண்டு நம் ஆளிடம் கேள்வி கேட்பார். இங்கிலீஷ் எழுத்து இல்லை, வட்டமும் அம்புக்குறியும்தானே. தப்பாகச் சொன்னால் அப்பளம் கிடையாது. அவர் அப்பளத்துக்காகவே படித்தார் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் என்னை மதினி என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. அவருக்கு இவர்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. சாப்பாட்டுக்கு முன் கை கழுவ யாராவது ஒருவர் சொம்பில் தண்ணீர் ஊற்றுவார்கள், இவர் புது மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டே கழுவுவார். அதைப் பார்த்து வைத்த பெயர்.

மார்ச்சில் அந்தக் காலை வந்தது. கருப்புக் கண்ணாடி போட்ட இரண்டு பேர் கையில் டேப்லெட்டோடு கோட்டோரம் நின்றார்கள். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டேன். மாப்பிள்ளையின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

முதல் ஓட்டம். ராமநாதபுரத்துக்காரர் கையை நீட்டினார், இடுப்பை லேசாகத் தொட்டார், தானாகவே அழகாக விழுந்தார். மாப்பிள்ளை தாண்டிப் போனார். இரண்டாவது ஓட்டம். என் கணவர் கணுக்காலுக்குப் பாய்ந்தார். அவர் பிடி நழுவி நான் பார்த்ததே இல்லை. நழுவியது. மூன்றாவதில் மூன்று பேர் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டு விழுந்து, நடுவில் ஒரு பஸ் போகிற அளவுக்கு வழி விட்டார்கள். மாப்பிள்ளை கடைசிக் கோடு வரை ஓடினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, வேர்வைகூட இல்லை.

வந்தவர்களில் ஒருவர் டேப்லெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். பயிற்சியாளர் என்னிடம் வந்தார். "உங்க ஆளுங்களுக்கு என்ன ஆச்சு? யாரும் பிடிக்கலைன்னா இவங்க எதைப் பாப்பாங்க? நாம நடிக்க ஆள் கூட்டி வந்திருக்கோம்னு நினைக்கிறாங்க."

எனக்குக் கோபம் வந்தால் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். கோட்டைத் தாண்டி நேரே நடுக் களத்துக்குப் போனேன்.

"ஏங்க, என்ன செய்யுதீங்க? கையில எண்ணெயத் தடவிட்டு வந்திருக்கீங்களா?"

என் கணவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். கல்யாணத்தன்றுகூட அவரை அவ்வளவு வெட்கத்தோடு நான் பார்த்ததில்லை. "இல்லட்டி. வந்தவங்க முன்னால மாப்ளைய எப்படி மண்ணக் கவ்வ வைக்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் ஊர்ப் பக்கம் பொங்கல் கபடியில் ஒரு மரியாதை உண்டு. அந்த வருஷம் ஊரில் பெண் கட்டிய புது மாப்பிள்ளை பாடி வந்தால், அவரைப் பிடிக்க மாட்டார்கள். யாரையாவது தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பிப் போகட்டும் என்று விட்டுக்கொடுப்பார்கள். பெண் வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு ஒரு தலைகுனிவு வரக்கூடாது. இந்த ஏழு பேரும் முந்தின நாள் கூடிப் பேசி, அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் முன்னால் நம் மாப்பிள்ளைக்கு அந்த மரியாதையைச் செய்துவிடுவது என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

"அவங்க என்ன பொண்ணு குடுக்கவா வந்திருக்காங்க? இவரு அடி வாங்குனா எந்திரிச்சு ஓடுதாரான்னு பாக்க வந்திருக்காங்க. நீங்க இப்படி விட்டீங்கன்னா இன்னைக்கே இவர ஊருக்கு ஏத்தி விட வேண்டியதுதான்."

ஏழு பேரும் தலையைக் குனிந்தார்கள். ராமநாதபுரத்துக்காரர் தயங்கித் தயங்கி, "அந்த முட்டி, மதினி" என்றார். "இழுத்துப் பிடிச்சா அது தாங்குமா?"

எல்லோரும் அந்த முட்டியைப் பார்த்தோம். இரண்டு மாதமாக என் கட்டை விரலால் மீட்டு எடுத்த முட்டி. அது தாங்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு அப்போது அழுகை வந்தது, சொல்வதற்கென்ன.

"முட்டி என் பொறுப்பு" என்றேன். "பிடிங்க."

மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து, என்ன பேசினீர்கள் என்று கேட்டார். "உங்கமேல பாசமா இருந்தாங்க, இருக்க வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றேன். அவர் சிரித்தார். அன்று காலையில் அதுதான் அவருடைய முதல் சிரிப்பு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆட்டம். வெல்டர் நெஞ்சில் முட்டினார், மாப்பிள்ளை சுழன்று கழன்றார். ராமநாதபுரத்துக்காரர் இடுப்பைக் கட்டினார், அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டே ஓடினார். என் கணவர் இடது கணுக்காலைப் பிடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மாப்பிள்ளை ஒற்றைக் காலில் தத்தித் தத்தி, மூன்று பேரைச் சுமந்துகொண்டு இன்னும் போய்க்கொண்டிருந்தார். சிவகங்கைக்காரர் மேலே விழுந்த பிறகுதான் சாய்ந்தார். சாய்ந்தவர் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் குதிகாலால் பந்தைப் பின்னால் உருட்டிவிட்டார். பின்னால் யாரும் இல்லை. பந்து குதித்துக் குதித்துப் போய்க் கருப்புக் கண்ணாடிக்காரரின் ஷூவில் முட்டி நின்றது.

பயிற்சியாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அந்த மனிதர் பந்தை எடுத்தார், கண்ணாடியைக் கழற்றினார், வாய்விட்டுச் சிரித்தார். "திரும்ப ஓடச் சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகு எத்தனை தடவை ஓடவிட்டார்கள் என்று எனக்குக் கணக்கில்லை. புல்தரையில் பிய்ந்து கிடந்த புல்லைப் பார்த்துக் காவலாளி திட்டும்வரை ஓடினார்.

பதில் சொல்லாமல்தான் போனார்கள். அடுத்த வாரம் ஒரு மத்தியானம், மாப்பிள்ளை என் மேஜையில் படுத்திருக்கும்போது போன் வந்தது. "ம்" என்றார், "ஆமா" என்றார், "புரியுது" என்றார். போனை வைத்துவிட்டு முகத்தைத் துண்டுக்குள் புதைத்துக்கொண்டார். என் கைக்கடியில் அந்தத் தொடை நடுங்கியது. போயிற்று என்று நினைத்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் தமிழிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"போறானுவ, சவத்த விடுங்க தம்பி. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தா அவனுகளுக்கு என்ன தெரியும்? உங்கள மாதிரி ஒரு பிள்ளைய வேண்டாம்னவன் வெளங்குவானா?" என்று அந்த நாட்டையே வைது முடித்தேன். முதுகில் நாலு தட்டும் தட்டினேன்.

துண்டுக்குள்ளிருந்து முகம் வெளியே வந்தது. சிவந்து போய், கண்ணெல்லாம் நீர், காது வரை சிரிப்பு. "என்னை எடுத்துக்கிட்டாங்க மதினி" என்றார். "முகாமுக்கு வரச் சொல்லிட்டாங்க. சனிக்கிழமை ஃப்ளைட்."

நான் போட்ட சத்தத்தில் அடுத்த அறையிலிருந்து டாக்டர் ஓடி வந்தார். முகாமில் ஜெயித்து அணிக்குள் நுழைய வேண்டும், அது இன்னொரு மலை என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டே இருந்தார். நான் எங்கே கேட்டேன்? வராந்தாவுக்கு ஓடி என் கணவருக்குப் போன் போட்டேன். அவர் ஏதோ ஒரு கட்டிடத்தின் மொட்டைமாடியில், ஏசி மெஷின்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். இரைச்சலில் இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"நெசமாவாட்டி?" என்றார். பக்கத்தில் யாரிடமோ இந்தியில் சொன்னார், யாரோ கைதட்டினார்கள். "நான் சொன்னம்லா, அந்தக் காலு அமெரிக்கா வரைக்கும் போயிரும்னு சொன்னம்லா" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"அப்போ இந்த ஞாயித்துக்கெழம மாப்ள வரமாட்டாரா?"

"சனிக்கிழமையே கிளம்புதாருங்க."

"நல்லது, நல்லது" என்றார். "அதுக்குத்தான இத்தன பாடும்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. என்னங்க என்றேன். ஏசி கேஸ் கண்ணில் பட்டுவிட்டது என்றார்.